நம் தெருவில் வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது எப்படி? தென் ஆப்பிரிக்கக் கடலோரச் சிற்றூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் காசு போட்டு, நான்கு மூட்டை சிமெண்ட் வாங்கி, நாங்களே ஒரு வேகத்தடை கட்டினோம். காலையில் மணல் கலக்க ஆரம்பித்தோம். மத்தியானம் பிரியாணிச் சட்டி திறப்பதற்குள் வேலை முடிந்தது. அன்று மாலை எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போயின. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தோம்.

செவ்வாய்க்கிழமை இரவு மழை பிடித்தது. ஓரத்தில் தண்ணீர் போக வழி விடாமல் கட்டியிருந்தோம். வெள்ளம் மேட்டில் முட்டித் திரும்பி, எதிர்வீட்டு ஆயாவின் கார் கொட்டகைக்குள் புகுந்தது. அதே இருட்டில், சாப்பாடு கொண்டுபோன ஒரு மோட்டார் சைக்கிள் பையன் மேட்டைப் பார்க்காமல் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். கோபப்பட எங்களுக்கு முகம் இல்லை. பொதுச் சாலையில் தடையோ பலகையோ வைக்கும் அதிகாரம் அந்தச் சாலைக்குப் பொறுப்பான அரசு அமைப்புக்குத்தான் உண்டு. நாமாகக் கட்டிய மேட்டில் ஒருவர் விழுந்தால் வழக்கு நம் தலையில்தான் விடியும்.

அதற்குப் பிறகு முறையான வழியில் போய், தாமதமாகத்தான் என்றாலும், காரியத்தை முடித்தோம். குவாசுலு-நாட்டாலின் தென்கரையில் உம்கோமாஸ், ஸ்காட்பர்க், பார்க் ரைனி பக்கமோ, வடகரையில் ஸ்டேங்கர் பக்கமோ, உங்கள் தெருவிலும் இதே தொல்லை இருந்தால் இது உதவும் என்று எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: 60 என்ற எண்

பலருக்குத் தெரியாத ஒன்று. 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது: நகர்ப்பகுதிச் சாலையில் வேறு பலகை இல்லையென்றால் வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. குழந்தைகள் சைக்கிள் விடும் குறுகிய தெருவுக்கும் அதே 60தான். ஆகவே "எல்லாரும் சட்டத்தை மீறி ஓட்டுகிறார்கள்" என்று மனுவில் எழுதிவிட்டு, அளந்து பார்த்தால் பெரும்பாலோர் 55-இல் போகிறார்கள் என்று தெரியவந்தால் மனு அங்கேயே படுத்துவிடும். உங்கள் வாதம் வேறாக இருக்க வேண்டும்: இந்தத் தெருவுக்கு 60 அதிகம்.

ஏன் அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். காய்ந்த தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம், கிரிக்கெட் பிட்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு. 60-இல் போகிறவர் அந்த ஒரு நொடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடுவார். நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 37, கிட்டத்தட்ட இரண்டு பிட்ச். பந்தைத் துரத்திக்கொண்டு 14 மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை ஓடிவந்தால், 30-இல் வந்தவர் நின்றுவிடுவார். 60-இல் வந்தவர் பிரேக்கைத் தொடும் முன்பே, அதே 60-இல், மோதிவிடுவார்.

இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வார்டு கூட்டத்தில் ஐந்து பக்க அறிக்கையை விட இது வேலை செய்தது.

1. யார், எதற்காக வேகமாகப் போகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு வாரம் தெருவை வெறுமனே கவனியுங்கள். எங்கள் ஊரில் மூன்று விதமான வேகம் இருந்தது. காலையில் பெரிய சாலையின் ரோபோவில் நிற்கப் பொறுமையில்லாமல் எங்கள் தெருவுக்குள் திரும்பிக் குறுக்கு வழி போகிறவர்கள். (போக்குவரத்து விளக்கை ரோபோ என்று சொல்லும் நாட்டுக்கு இந்தியாவிலிருந்து வரும் உறவினர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.) மத்தியானம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் கடற்கரைக்கு வழி தேடும் விடுமுறைக்காரர்கள்.

மூன்றுக்கும் மருந்து வேறு. குறுக்கு வழிக்காரர்களுக்கு அந்த வழியை மெதுவாக்கிவிட்டால் போதும், பெரிய சாலைக்கே திரும்பிப் போய்விடுவார்கள். பள்ளி வண்டிகளுக்கு வேண்டியது ஏற்றி இறக்க நல்ல இடம். விடுமுறைக்காரர்களுக்கு வழிகாட்டிப் பலகை.

இன்னொன்று. நாங்கள் எல்லாப் பழியையும் கௌட்டெங் மாகாணத்திலிருந்து வரும் ஜிபி நம்பர் பிளேட்டுகள் மீதுதான் போட்டுக்கொண்டிருந்தோம். அளக்க உட்கார்ந்த முதல் நாளே எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் இரண்டு பாக்கி வண்டிகள் (கடன் பாக்கி இல்லை, பின்னால் தொட்டி வைத்த வண்டி) பட்டியலின் உச்சியில் இருந்தன. ஒன்று என் மைத்துனனுடையது.

2. அளந்து பாருங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். "ரொம்ப வேகம்" என்பதை அதிகாரிகள் தினமும் கேட்கிறார்கள். அளவுத் தாளோடு வருகிறவர்கள் குறைவு.

ரேடார் துப்பாக்கி வேண்டாம். நீளமான அளவு நாடாவால் சாலை ஓரத்தில் 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வேகம் கி.மீ. கணக்கில் வந்துவிடும். 6 நொடி என்றால் 30. நாலரை நொடி என்றால் 40. 3.6 நொடி என்றால் 50. 3 நொடி என்றால் 60. தெரு நேராக இருந்தால் 100 மீட்டர் அளந்துகொள்வது நல்லது, அப்போது 360-ஐ வகுக்க வேண்டும். தூரம் கூடக்கூட விரல் தவறு குறையும். 50 மீட்டரில் 3 நொடியை 3.3 என்று அழுத்திவிட்டாலே 60, 55-க்கு இறங்கிவிடும்.

ஒருவரே இரண்டு கோட்டையும் சரியாகப் பார்க்க முடியாது. சாய்ந்து பார்க்கும்போது கண் ஏமாற்றும். முதல் கோட்டில் ஒருவர் நின்று, சக்கரம் பட்டதும் கையில் மடித்து வைத்த செய்தித்தாளை இறக்கட்டும். இரண்டாவது கோட்டில் இருப்பவர் அதைப் பார்த்து அழுத்தட்டும். மூன்றாமவர் எழுதட்டும்.

ஒளிரும் மஞ்சள் சட்டை போடாதீர்கள். நாங்கள் முதல் நாள் பாதுகாப்புக்கு என்று போட்டோம். போலீஸ் என்று நினைத்து அத்தனை பேரும் பிரேக் போட்டு, ஊரிலேயே சாதுவான தெரு எங்களுடையது என்று தாள் காட்டியது. மறுநாள் வேலிக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில், தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது.

எந்த வண்டியை எண்ணக் கூடாது என்பதும் முக்கியம். இன்னொரு வண்டியின் வால் பிடித்து வருவது, வீட்டுக்குள் திரும்பப் போவது, டாக்சி (வழியில் ஆள் ஏற்றி இறக்கும் மினிபஸ்) ஆள் ஏற்ற மெதுவாக வருவது, இவற்றை விட்டுவிடுங்கள். தன் இஷ்டத்துக்கு ஓட்டும் வண்டிதான் கணக்கு. குறைந்தது 100 வண்டி சேருங்கள். காலை 6.30 முதல் 8 வரை, பள்ளி விடும் நேரம், சனிக்கிழமை மாலை என்று பிரித்து எடுங்கள். மழை நாளைத் தவிருங்கள். விடுமுறையில் ஒருமுறை, சாதாரண வாரத்தில் ஒருமுறை எடுத்தால் இன்னும் நல்லது.

100 அளவையும் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி, 85-ஆவது எண்ணைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் பேசும் எண் அதுதான்: நூற்றில் 85 பேர் இந்த வேகத்திலோ இதற்குக் கீழோ போகிறார்கள் என்று பொருள். சராசரியைச் சொன்னால் தலையாட்டுவார்கள். இந்த எண்ணைச் சொன்னால் பேனாவை எடுப்பார்கள்.

கூடவே நடந்து போகிறவர்களையும் எண்ணுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் நடைபாதை இல்லாமல் தாரில் நடக்கிறார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்காரர்களே புல் ஓரத்தில் கல்லும் செடியும் வைத்து அழகு பண்ணியிருந்தோம். அதனால் பிள்ளைகள் நடுச்சாலையில் நடந்தார்கள். இந்தத் தப்புக்கு முனிசிபாலிட்டி தேவையில்லை, ஒரு சனிக்கிழமை போதும்.

நம்பர் பிளேட்டை எழுதாதீர்கள், படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால் கையெழுத்துக் கிடைக்காது. என் மைத்துனனின் வண்டி எது என்பது எங்கள் மூவரோடு நின்றது.

3. சாலை யாருடையது?

எங்களுக்கு ஏழு மாதம் வீணானது இங்கேதான். தப்பான வாசலைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

என் 2 போன்ற தேசிய நெடுஞ்சாலைகள் சான்ரால் என்ற தேசியச் சாலை நிறுவனத்தின் கையில். ஆர் 102 போன்ற பழைய கடலோரச் சாலையும், நம் மாகாணத்தில் பி, டி என்ற எழுத்தோடு எண் கொண்ட சாலைகளும் பெரும்பாலும் மாகாணப் போக்குவரத்துத் துறையுடையவை. மீதியுள்ள குடியிருப்புத் தெருக்கள் உள்ளூர் முனிசிபாலிட்டியுடையவை. சிற்றூரில் என்ன சிக்கல் என்றால், ஊரின் நடுவே போகும் கடைத்தெருவே மாகாணச் சாலையாக இருக்கும். கவுன்சிலர் நினைத்தாலும் அதில் ஒரு கோடு போட முடியாது. முனிசிபாலிட்டியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு, தெருப் பெயரையும் இரு முனையையும் குறிப்பிட்டு, "இந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு?" என்று ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

4. தெருக்காரர்களிடம் பேசுங்கள்

முதலில் மனுவோடு போகாதீர்கள். அளவுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாரும் வேகத்தடை கேட்பார்கள். அதற்குப் பின் வரும் வாக்கியமும் எல்லா வீட்டிலும் ஒன்றே. மூன்றாவது வீட்டில் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"வேகத்தடை வேணும் அண்ணா, கட்டாயம் வேணும். ஆனா என் கேட்டுக்கு முன்னால மட்டும் வேண்டாம். ராத்திரி பூரா டமால் டமால்னு கேக்கும்."

அவர் சொன்னது தப்பில்லை. கனமான வண்டி மேட்டில் ஏறி இறங்கும் சத்தம் உண்மையான தொல்லை. அதனால்தான் "என்ன வைக்கலாம்" என்பதை வீடு வீடாக முடிவு செய்யாமல், "என்ன பிரச்சினை" என்பதில் மட்டும் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன்.

நேரம் போகும் என்று முணுமுணுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: 400 மீட்டர் தெருவை 60-இல் கடக்க 24 நொடி, 30-இல் கடக்க 48 நொடி. வித்தியாசம் 24 நொடி. கேட் திறப்பானைத் தேடும் நேரம்கூட இல்லை.

டாக்சிக்காரர்களை விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் பலர் அவர்களைத் திட்டுவதோடு சரி, பேசுவது கிடையாது. நான் டாக்சி ரேங்க் எனப்படும் டாக்சி நிலையத்துக்குப் போய், அங்கே வரிசையை ஒழுங்குபடுத்தும் குயூ மார்ஷலைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜூலுவில் வணக்கம் சொல்லி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பாபா, மேடு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பெயிண்ட் அடிக்காத மேடுதான் பிரச்சினை. ஷாக் அப்சார்பர் என்ன விலை விற்கிறது தெரியுமா?" என்றார். ஆள் ஏற்ற ஒதுங்கி நிற்க இடம் கொடுத்தால் நடுச்சாலையில் நிற்க மாட்டோம் என்றும் சொன்னார். அந்த இரண்டையும் மனுவில் அவர் சார்பாகவே சேர்த்தோம். கடைசியில் எங்கள் மனுவுக்கு அவர்கள் பக்கமிருந்து ஒரு எதிர்ப்பும் வரவில்லை.

5. எந்த மருந்து எந்தத் தெருவுக்கு

வட்டமான வேகத்தடைதான் எல்லாருக்கும் தெரிந்தது. இதற்கு ஒரு சரியான உருவம் உண்டு. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்து எடுத்த வடிவம்: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம். ஆள் படுத்தால் இரண்டு ஆள் நீளம், உயரமோ ஒரு கை அகலம். கடை வாகன நிறுத்தங்களில் போல்ட் அடித்து வைக்கும் குட்டை ரப்பர் மேடு இதற்குப் பதிலாகாது. குட்டை மேட்டில் ஒரு வினோதம்: மெதுவாகப் போனால்தான் முதுகு அதிரும், வேகமாகப் போனால் ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். யாரைத் தண்டிக்க வேண்டுமோ அவர் தப்பிப்பார், ஆயாவை ஏற்றிக்கொண்டு மெதுவாக வருகிறவர் மாட்டுவார். நாங்கள் சிமெண்டில் கட்டியதும் அந்த ரகம்தான்.

ஒற்றை மேடு கேட்காதீர்கள். ஒரு மேடு என்றால் பிரேக், ஏறி இறங்கியதும் ஆக்சிலேட்டர். சத்தமும் புகையும் கூடும். 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்றாக வரிசையாக இருந்தால் நடுவில் வேகம் எடுக்கத் தோன்றாது. முதல் மேடு தெரு முனைக்குப் பக்கத்திலேயே, வண்டி வேகம் பிடிக்கும் முன் இருக்க வேண்டும். வளைவிலும் செங்குத்தான இறக்கத்திலும் கூடாது. மேன்ஹோல், தீயணைப்புக் குழாய், வீட்டு வாசல் இவற்றுக்கு மேல் கூடாது. தெருவிளக்குக்குக் கீழ் வந்தால் நல்லது.

நம் கரையோரத்துக்குத் தண்ணீர்தான் முதல் கேள்வி. 2022 ஏப்ரல் வெள்ளம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதற்குப் பின் எந்தப் பொறியாளரும் வடிகால் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது. மேட்டின் இரு ஓரத்திலும் ஓரக்கல் பக்கம் தண்ணீர் ஓட இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள் நழுவிப் போகும்தான். ஆயாவின் கொட்டகையை நினைத்து நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸ் அடிக்கடி போகும் தெருவா? அப்படியானால் முழு அகல மேட்டுக்குப் பதில் திண்டு மாதிரி நடுவில் மட்டும் எழும் மேடு கேளுங்கள். அகன்ற சக்கர இடைவெளி கொண்ட பஸ்ஸும் ஆம்புலன்ஸும் அதன் இரு பக்கமும் கால் வைத்துத் தாண்டிவிடும். காருக்கு ஒரு பக்கச் சக்கரமாவது ஏறியே ஆக வேண்டும். பள்ளிக்கும் கோவிலுக்கும் முன்னால் மேலே தட்டையான அகல மேடு பொருத்தம். அதன் தட்டையான பகுதியிலேயே நடைக்கடவுக் கோடுகளைப் போட்டுவிடலாம், தைப்பூசத்தன்று காவடி தூக்கி வருகிறவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் ஏறி இறங்காமல் கடக்கலாம்.

கரும்பு லாரி போகும் சாலையில் மேடே வேண்டாம். ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை ஆலைகள் ஓடும்போது போகும் அந்த இரட்டைத் தொட்டி லாரிகள் 22 மீட்டர் நீளம் வரை, 56 டன் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படியொன்று இரவு இரண்டு மணிக்கு மேட்டில் இறங்கினால் வீட்டுச் சுவரில் உள்ள சாமி படம் ஆடும். அங்கே முதலில் செய்ய வேண்டியது, லாரி முதலாளிகளோடு பேசி, தெருவை அவர்கள் பாதையிலிருந்து எடுப்பது. கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள், குறுகிய தெருவில் திருப்புவது அவர்களுக்கும் தலைவலிதான்.

சாலையைக் குறுக்குவது எனக்குப் பிடித்த முறை. ஆளில்லாத அகலத் தாரைப் பார்த்தால் கால் தானாக அழுத்தும். வழித்தடம் 3 மீட்டராகச் சுருங்கினால், ஒரு பக்கம் நிறுத்தும் வண்டிகளை நடுவில் மறுபக்கத்துக்கு மாற்றி நேர்கோட்டை முறித்தால், ஓட்டுநர் தானே குறைப்பார். பெயிண்ட் செலவு மட்டும்தான். செடி வைத்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராததாக, உப்புக் காற்று தாங்குவதாகப் பாருங்கள். பிள்ளையை மறைக்கும் செடி மேட்டை விட ஆபத்து.

நாற்சந்தியில் சிறு வட்டம் போடலாம், இடம் இருந்தால். ஸ்டாப் பலகையை வேகத்தைக் குறைக்க என்று கேட்காதீர்கள். அது யார் முதலில் போவது என்பதற்கான பலகை. காரணமில்லாமல் நட்டால் உருட்டிக்கொண்டே போவார்கள், பிறகு தேவையான இடத்திலும் நிற்க மாட்டார்கள். 40 என்ற வேகப் பலகை தனியாக நின்றால் ஒன்றும் நடக்காது, மேட்டோடு சேர்ந்து நின்றால் உதவும். கேமரா சிற்றூர்த் தெருவுக்கு வராது, அதில் நேரம் போக்க வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்தில் என்றால் ஸ்காலர் பேட்ரோல் (பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்தும் குழு) தொடங்கப் பள்ளி முதல்வரையும் போக்குவரத்து அதிகாரிகளையும் பாருங்கள். பணம் குறைவு, பலன் உடனே.

6. மனு, கவுன்சிலர், நாட்காட்டி

மனு ஒரே பக்கம். ஆங்கிலத்தில் எழுதி, ஜூலுவில் ஒரு பிரதி வையுங்கள். எங்கள் மனுவின் சாரம் இவ்வளவுதான்: தெருப் பெயர், நீளம். அளந்த நாட்கள், 85-ஆவது வேகம். பள்ளி நேரத்தில் சாலையில் நடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை. 13 மீட்டர், 37 மீட்டர் கணக்கு. டாக்சிக்காரர்கள் சொன்ன இரண்டு விஷயம். பிள்ளைகளும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30 கி.மீ. என்பதை 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனம் ஏற்றது என்ற ஒரு வரி. கடைசியில் கோரிக்கை: "உங்கள் பொறியாளர் வந்து பார்த்து, தகுந்த வழியைச் சொல்ல வேண்டும்." மேடு கட்டுங்கள் என்ற கோரிக்கையே அதில் இல்லை. மேடு கேட்டால் "இங்கே முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். வந்து பார்க்கச் சொன்னால் அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

விபத்து நடந்திருந்தால் போலீஸில் பதிவான விபத்து அறிக்கை எண்களைச் சேருங்கள். பதிவாகாத விபத்து அலுவலகத்தைப் பொறுத்தவரை நடக்காத விபத்து. இனிமேல் சின்ன மோதலையும் பதியச் சொல்லுங்கள்.

மனு வார்டு கவுன்சிலருக்கு, பிரதி தொழில்நுட்பப் பிரிவுக்கு. கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி இருக்கும், அவரைத் தவிர 10 பேர் வரை. அதில் ஒருவரையாவது முன்பே பார்த்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, எழுத்தில் கேட்டதற்கு விரைவில் பதில் பெறும் உரிமையை ஊர்க்காரருக்குக் கொடுக்கிறது. பதில் வராவிட்டால் அந்தப் பிரிவைச் சொல்லி நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பையா எனப்படும் தகவல் பெறும் சட்டத்தின் கீழ், உங்கள் தெருவைப் பற்றிய பதிவுகளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

காசு விஷயம் நாட்காட்டியில் இருக்கிறது. முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை மார்ச் மாத முடிவுக்குள் மன்றத்தில் வைத்தாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். ஐடிபி என்ற ஐந்தாண்டுத் திட்டத்தை வருடாவருடம் திருத்துவதும் அப்போதுதான். ஜூனில் போய் நின்றால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள். நாங்கள் ஜூனில்தான் போனோம். நீங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மனுவைக் கொடுத்து, நவம்பருக்குள் பொறியாளரை வரவழைத்தால், வரைவில் உங்கள் தெருப் பெயர் ஏற வாய்ப்பு உண்டு. ஏப்ரல் கூட்டத்துக்குப் பத்துப் பேராவது போங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் வரும், கவுன்சிலர் மாறலாம். ஆகவே எல்லாத் தாளும் ஒரே கோப்பில், ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

7. சோதனை, கட்டும் நாள், அப்புறம்

நிரந்தரமாகக் கட்டும் முன் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளாலும் கூம்புகளாலும் சாலையைச் சில வாரம் குறுக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வைப்பது அவர்கள் கையால்தான் நடக்க வேண்டும். அந்த வாரங்களில் பக்கத்துத் தெருவையும் அளந்து பாருங்கள். நம் தெருவில் குறைந்த வண்டி அங்கே கூடியிருந்தால், நம் தொல்லையை அடுத்தவர் வாசலில் கொட்டியிருக்கிறோம். எங்களுக்கு அது நடந்தது. அதனால் இரண்டு தெருவையும் சேர்த்தே திட்டம் போட்டார்கள்.

கோவில் திருவிழாவுக்காக அனுமதி வாங்கித் தெருவை ஒரு நாள் மூடியபோது நடந்ததையும் சொல்கிறேன். மாரியம்மன் கூழ் ஊற்றும் ஞாயிறு. காலை பத்து மணிக்குள் பிள்ளைகள் குப்பைத் தொட்டியை ஸ்டம்ப்பாக வைத்து நடுச்சாலையில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஆயா, கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்து பல வருடம் ஆகிறது என்றார். வார்டு கமிட்டியிலிருந்து கூழ் குடிக்க வந்தவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். மனுவில் நாங்கள் எழுத மறந்த வரி அது.

கட்டும் நாளில் ஒருவர் கூட இருங்கள். நாடாவை எடுத்து நீளமும் உயரமும் சொன்னபடி இருக்கிறதா என்று மரியாதையாகப் பாருங்கள். தார் சூடாக இருக்கும்போது சொன்னால் திருத்துவார்கள். எச்சரிக்கைப் பலகையும் வெள்ளைக் கோடும் அன்றே வர வேண்டும். பெயிண்ட் அடுத்த வாரம் என்றால் அதுவரை கூம்பும் விளக்கும் வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு உடைந்த அந்தப் பையன் இப்போதும் இதே தெருவில்தான் சாப்பாடு கொண்டு வருகிறான்.

மூன்று மாதம் கழித்து, அதே கோடு, அதே நேரம், அதே நாற்காலி. மறுபடி 100 வண்டி. 85-ஆவது எண் எவ்வளவு இறங்கியது என்று எழுதி, நன்றியோடு கவுன்சிலருக்கு அனுப்புங்கள். அடுத்த தெருக்காரர்கள் கேட்கும்போது அந்தத் தாள் அவர்களுக்கு உதவும். கடல் காற்றில் பலகையின் போல்ட்டு துருப்பிடிக்கும், மணல் தேய்த்துக் கோடு மங்கும். கோடு மங்கிய மேட்டைப் பற்றிய புகாரைச் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கும், டிசம்பரில் ஜிபி வண்டிகள் வரும், அவர்களுக்கு எங்கே மேடு என்று தெரியாது.